முதுகில் எண் வந்த ஊர்

நரிப்பொத்தையில் ஆட்களின் முதுகில் எண் வந்தது ஆடி மாதம், மேல்காற்று ஓய்ந்து புழுதி அடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில். பம்புசெட்டில் குளிக்கப் போன பால்காரர் தளவாயின் முதுகைப் பார்த்த அவருடைய மைத்துனர், "அத்தான், முதுகுல என்னமோ சீட்டு ஒட்டியிருக்கு" என்று சொல்லி, நகத்தால் உரித்துப் பார்த்து, சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்து, பீர்க்கங்கூட்டால் தேய்த்துப் பார்த்து, கடைசியில் செங்கல் துண்டைக் கையில் எடுத்தபோது தளவாய் தொட்டியை விட்டு எழுந்து ஓடினார். பிறகு மைத்துனர் தன் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். அவர் முதுகிலும் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஊரில் எல்லார் முதுகிலும் இருந்தது. இடுப்புக்கு நான்கு விரல் மேலே, எல்லாருக்கும் ஒரே உயரத்தில், தோலோடு தோலாக ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் கறுப்பு மையில் மூன்று இலக்கம், சிலருக்கு அதையடுத்து ஒரு புள்ளியும் புள்ளிக்குப் பின் ஓரிரு இலக்கமும், கீழே அவரவர் பெயரின் முதல் எழுத்துகள்.

அதற்காக ஊர் நின்றுவிடவில்லை. மாட்டுக்கு எண் தெரியாது என்பதால் பால் கறந்தாக வேண்டியிருந்தது, தீப்பெட்டி ஆபீஸில் சங்கு ஊதினால் போயாக வேண்டியிருந்தது. செவிலியம்மா வந்து நான்கு பேர் முதுகைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை, சொறிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிராம நிர்வாக அலுவலர் தனக்கு மேலிடத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை என்றார். சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் முதுகை ஒருவர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்க முடிந்ததே தவிர அர்த்தம் எவருக்கும் தெரியவில்லை.

அர்த்தம் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். சிதம்பரவடிவு என்று பெயர். ஊர்ப்புற நூலகத்தில் நூலகர். ஆனால் நூலகர் என்று அவளை யாரும் சொன்னதில்லை. காலையில் கதவைத் திறந்து பேப்பர் போடுகிறவள் என்பதால் பேப்பரம்மா என்றுதான் சொல்வார்கள். அவள் நூலகவியலில் சான்றிதழ் படிப்பு படித்திருந்தாள், பிறகு அஞ்சல் வழியில் இளநிலை, பிறகு மில்லில் மாவு அரைக்கும் கணவருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு விடிகாலையில் உட்கார்ந்து முதுநிலையும் படித்திருந்தாள். எல்லாத் தாள்களிலும் அவளுக்குப் பிடித்தது புத்தகங்களை வகைப்படுத்தும் தாள். அதில் தொண்ணூற்றொன்று வாங்கினாள். ஆனால் வேலைக்கு வந்த பின் ஒரு புத்தகத்துக்குக்கூட அவள் எண் போட்டதில்லை. புத்தகங்கள் மாவட்டத் தலைமையிடத்தில் எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டியே வரும். அடுக்குவது, கொடுப்பது, வாங்குவது, முத்திரை குத்துவது, பெருக்கும் ஆள் கிடையாது என்பதால் பெருக்குவது, இவைதான் அவள் வேலை. ஒருமுறை யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த தேனீ வளர்ப்புப் புத்தகத்துக்கு ஆசைப்பட்டுப் பென்சிலால் ஓர் எண் எழுதி வைத்தாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "எண் சரிதாம்மா, ஆனா போடுறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இல்லையே" என்று சொல்லி, நிதானமாக ரப்பர் வாங்கி அழித்துவிட்டுப் போனார்.

மறுநாள் தளவாய் பேப்பர் படிக்க வந்தவர், நாற்காலியில் முதுகு சாய்க்கக் கூசி, ஸ்டூலில் உட்கார்ந்தார். வெயிலுக்குச் சட்டையைத் தூக்கி விசிறிக்கொண்டபோது வடிவு பார்த்தாள்.

"அறுநூத்து முப்பத்தேழு" என்றாள்.

"ஆமா தாயி, பேரன் வாசிச்சான். அது என்ன எழவுன்னுதான் தெரியல."

"பால். பால், தயிரு, வெண்ணெய், அதப் பத்தின புத்தகத்துக்கெல்லாம் இதான் எண்ணு."

தளவாய் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, "அறுபது வருசமாப் பால் ஊத்துதேன், முதுகுல எழுதினாத்தான் தெரியுமாக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய் டீக்கடையில் சொன்னார்.

அன்று மத்தியானத்திலிருந்து கூட்டம் வந்தது. வடிவு ஒவ்வொருவருக்கும் முதலில் ஒன்றைச் சொன்னாள்: ஒரு புத்தகத்துக்கு அதன் தலைப்பை வைத்தோ எழுதினவர் பெயரை வைத்தோ எண் போடுவதில்லை, அது எதைப் பற்றியது என்பதை வைத்துத்தான் போடுவது, இதில் பெரியது சின்னது கிடையாது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. கோயில் பூசாரிக்கு 641.5 வந்திருந்தது. சமையல் என்றாள். "அதான பாத்தேன், சாமியவிடச் சக்கரப்பொங்கல்லதான் அவருக்கு நோக்கம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஊராட்சித் தலைவருக்குச் சிரிப்புத் துணுக்குகளின் எண் வந்திருந்தது. அவர் சட்டையை இறக்கிவிட்டு, "இத வெளிய சொல்லாதீங்க மேடம்" என்றார். மேடம் என்று அந்த ஊரில் ஒருவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணவர் ஆவுடையப்பனிடம் தன் முதுகைக் காட்டினாள். 020 என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நூலகத்துக்கு உள்ள எண் அது. ஆவுடையப்பன் மாவு படிந்த விரலால் தடவி, எழுத்துக் கூட்டுகிறவரைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஆறு. நாலு. எட்டு."

"சரியாப் பாத்துச் சொல்லுங்க."

"ஆறு நாலு எட்டு. என்ன அது?"

648 என்பது வீட்டைப் பெருக்கித் துடைத்து ஒழுங்காக வைத்திருப்பது. வடிவு ரவிக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "நூலகம்" என்றாள். ஆவுடையப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, கண்ணக் கெடுத்துப் படிச்ச படிப்பு வீணாப் போகல" என்றார். இந்த எண்ணைப் போட்டது யாராக இருந்தாலும் காலையில் துடைப்பத்தோடு நின்ற வடிவை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், அதற்குமேல் படிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கூட்டம் அதிகமாகி அதை மறந்துபோனாள்.

ஊர் எண்ணுக்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தையல்காரர் ரவிக்கையின் முதுகில் சீட்டளவுக்கு ஜன்னல் வைத்துத் தைத்தார், பிறகு சட்டைக்கும் வைத்தார்; அதற்குப் பிறகு ஜன்னல் வைக்காத சட்டை போட்டவனை என்னத்தையோ மறைக்கிறான் என்று பேசினார்கள். கல்யாணத் தரகர் ஜாதகத்துக்கு முன்னால் எண்ணைக் கேட்டார். எண் ஒரே நூறுக்குள், அறுநூறுக்குள்ளோ எழுநூறுக்குள்ளோ வருகிறவர்கள் அண்ணன் தங்கை முறை என்று எவரோ சொல்ல, அது வழக்கமாகி, பேசி முடித்திருந்த மூன்று கல்யாணங்கள் நின்றன. மினி பஸ்ஸில் ஆட்கள் எண் வரிசையில் உட்கார்ந்தார்கள், கண்டக்டர் யாரையும் சொல்லவில்லை, அவர்களாகவே உட்கார்ந்தார்கள். கோயில் கொடைக்கு வரி போட்டபோதும் எண் வாரியாகப் போட்டார்கள், இழவு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கவும் எண் வாரியாகப் போனார்கள். முன்னால் ஊரில் எந்தத் தெருவுக்கு எந்தத் தெரு ஆள் போகலாம் போகக்கூடாது என்று இருந்த கணக்கெல்லாம் அப்படியே இருந்தது, அதன்மேல் இதுவும் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். மழை பெய்தது, அறுவடை நடந்தது, வயசாளிகள் செத்தார்கள், குளிப்பாட்டும்போது எண் அழிகிறதா என்று பார்த்தார்கள், அழியவில்லை, எண்ணோடு எரித்தார்கள்.

நூலகத்துக்கு வருகிறவர்களின் தொகை ஏறியதைக் கண்டு மாவட்டத் தலைமையிடத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். வடிவு உள்ளதை உள்ளபடி எழுதினாள். மனிதர்களை வகைப்படுத்துவது குறித்துத் துறையில் விதி எதுவும் இல்லையென்றும், ஆயினும் வாசகர் வருகை இதேபோல் தொடரப் பாராட்டுகள் என்றும் பதில் வந்தது. வந்தவர்களில் ஒருவர்கூடப் புத்தகம் எடுக்கவில்லை என்பதையும் அவள் எழுதியிருந்தாள். பதிலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஊரில் ஏழு பேருக்குச் சீட்டு மட்டும் வந்து எண் வரவில்லை. வெறும் வெள்ளை. அவர்கள் பாடு கஷ்டமாயிற்று. பஸ்ஸில் நின்றார்கள், பந்தியில் கடைசியில் உட்கார்ந்தார்கள். அந்த ஏழு பேரில் உலகேஸ்வரியும் ஒருத்தி. இருபத்திரண்டு வயது, தீப்பெட்டி ஆபீஸில் வேலை, மாப்பிள்ளை பார்க்கிற சமயம். அவள் அம்மா கோமு ஒரு புதன்கிழமை அவளைக் கையைப் பிடித்து நூலகத்துக்குக் கூட்டி வந்தாள்.

"நூலகரம்மா, இவளுக்கு நீங்க ஒரு நம்பர் எழுதணும்" என்றாள் கோமு.

வடிவு கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தாள். நூலகரம்மா என்ற சொல் அவளுக்குள் எங்கோ போய் விழுந்து, விழுந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும், "எனக்கு அதிகாரம் கிடையாதுக்கா" என்றாள்.

"பெறகு ஆருக்கு இருக்கு? கலெக்டர் வந்து எழுதுவாராக்கும்? படிச்சது நீங்கதான?"

படித்தது அவள்தான். மதுரையில் நேர்முக வகுப்பில் பேராசிரியர் சொன்னது இன்றைக்கும் அவளுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. முழுப் புத்தகத்தையும் படிக்கிறவர் வாசகர். நூலகர் அப்படிப் படிக்க உட்கார்ந்தால் ஆயுளில் ஒரு அலமாரியைத் தாண்ட மாட்டார். தலைப்புப் பக்கம், பொருளடக்கம், முன்னுரை, இந்த மூன்றையும் பார்த்தால் எதைப் பற்றிய புத்தகம் என்று தெரிந்துவிடும். பல விஷயம் பேசுகிற புத்தகமாக இருந்தால் எதை அதிகமாகப் பேசுகிறதோ அதன் எண்ணைப் போடு.

உலகேஸ்வரியை ஸ்டூலில் உட்கார வைத்து, "ஒன்னப் பத்திச் சொல்லு" என்றாள். உலகேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எங்கே தொடங்குவதென்று தெரியாமல், அப்பா படுக்கையில் கிடந்ததைச் சொன்னாள். நான்கு வருஷம் கிடந்தது, புண்ணுக்கு மருந்து வைத்தது, புரட்டிப் போட்டது, மலம் மூத்திரம் அள்ளியது, ராத்திரி எழுந்து மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது, இப்போது அம்மாவுக்கும் சர்க்கரை என்பது, எல்லாம் சொன்னாள். அரைமணி நேரம் சொன்னாள். வடிவு தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவள் கண்ணுக்கு ஒரு நல்ல முன்னுரை திறந்து கிடந்தது.

610.73. நோயாளிகளைப் பேணுதல். வடிவு பேனாவைத் திறந்து ஒவ்வொரு இலக்கமாக எழுதினாள். மை தோலில் இறங்கி, மற்றவர்களின் எண்ணைப் போலவே ஆகிவிட்டது. புள்ளி சரியான இடத்தில் விழுந்திருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரத்துக்குள் மற்ற ஆறு பேருக்கும் எழுதினாள். ஒருவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

உலகேஸ்வரிக்கு உடனே மாப்பிள்ளை அமைந்தது. மேலக்கரையில் நல்ல குடும்பம், எண்ணைக் கேட்டதும் சம்மதித்துவிட்டார்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில், வடிவு கூட்டிக்கொண்டிருக்கும்போதே, உலகேஸ்வரி வந்து வாசலில் நின்றாள். கொழுந்தன் வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தான். அவள் கையில் டெட்டால் வாடை அடித்தது. வடிவு துடைப்பத்தைச் சாத்திவிட்டு, "வா, உக்காரு. சௌக்கியமா?" என்றாள்.

"மாமனாரு வாதத்துல கெடக்காரு. அவரோட அம்மையும் கெடக்கா. பெறகு பக்கத்து வீட்ல ஒரு தாத்தா, அவரயும் எங்க தாழ்வாரத்துல கொண்டு போட்டுட்டாங்க. இப்ப மேலக்கரையில ஆரு விழுந்தாலும் எங்க வீட்டுக்குத்தான் தூக்கிட்டு வாராங்க. முடியாதுன்னா, ஒன் நம்பர்லயே இருக்கேங்காங்க."

வடிவு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு மருந்து வாடையே ஆகாதுக்கா. அப்பா கெடந்தப்ப ஒவ்வொரு நாளும் தொழுவத்துல போய் வாந்தியெடுத்துட்டு வந்துதான் புண்ணத் தொடைப்பேன்."

"அத நீ சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. அம்மையும் பக்கத்துல இருந்தா."

குடியை ஏசுகிற புத்தகமும் குடியைப் புகழ்கிற புத்தகமும் ஒரே தட்டில்தான் நிற்கும் என்பது வடிவுக்குத் தெரியும். அது குறையென்று பாடத்தில் சொல்லித்தரவில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. உலகேஸ்வரி திரும்பி உட்கார்ந்து ரவிக்கையின் ஜன்னலைக் காட்டினாள். "இத மாத்திக் குடுங்க."

பழைய எண்ணின்மேல் புதுச் சீட்டு ஒட்டுவது நூலகத்தில் நடப்பதுதான். வடிவு சீட்டு வெட்டி, பசை தடவி ஒட்டிப் பார்த்தாள்; காய்ந்த சருகு போல உதிர்ந்தது. பேனாவால் அடித்து எழுதிப் பார்த்தாள். மை உருண்டு வழிந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். 610.73 மழைக்குப் பிந்திய கல்வெட்டு மாதிரித் தெளிவாக இருந்தது. அதிலிருந்த கையெழுத்து அவளுடையது, அழகான கையெழுத்து.

"நீ முதல்லேர்ந்து சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. சரியான எண்ணு கிடைச்சா ஒருவேளை ஒட்டும்" என்றாள் வடிவு. கதவைச் சாத்தினாள். வாசலில் பேப்பர் படிக்க வந்தவர்கள் தட்டிவிட்டுப் போனார்கள்.

உலகேஸ்வரி சொன்னாள். குளத்தில் மூச்சடக்கி அந்தக் கரை வரை போவாள். மாமா ஊருக்குப் போனால் டிராக்டரை எடுத்துக்கொண்டு உழுத வயலையே திரும்பத் திரும்ப உழுவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் மாதிரி நடந்து காட்டி அடி வாங்கியிருக்கிறாள். பொய் சொல்லும்போது இடது காது சூடாகும். தீப்பெட்டி ஆபீஸில் ஒருவன் தினமும் அவள் பங்குக் குச்சிக் கட்டைகளை அடுக்கிவைத்துவிட்டுப் போவான், பேசினதில்லை, அவன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அப்பா செத்த அன்று அழுகை வரவில்லை, நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பயந்து மார்பில் அடித்துக்கொண்டாள். மழை வருமுன்னே அவளுக்கு வாசனை தெரியும். வடிவு குறுக்கே பேசவில்லை. ஆயுளில் முதல் தடவையாக அவள் ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மனதில் எழும், அடுத்ததைக் கேட்டதும் விழும். மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆனபோது ஒரு எண்கூட நிற்கவில்லை.

"என்னக்கா, கிடைச்சுதா?"

"இல்லம்மா" என்றாள் வடிவு. "முழுசாக் கேட்டாச்சு. இதுக்கு எண்ணு இல்ல."

"எண்ணு இல்லாட்டி?"

வடிவுக்கு அதற்கும் பதில் தெரியும். எண் இல்லாத புத்தகத்தை எந்தத் தட்டிலும் வைக்க முடியாது, கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது, இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. அதை அவள் சொல்லவில்லை. வெளியே கொழுந்தன் ஹாரன் அடித்தான். "மைனி, ஆச்சியப் பெரட்டிப் போடணும், நேரமாச்சு" என்று கத்தினான்.

உலகேஸ்வரி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "போறேன்க்கா. கேட்டீங்களே, அதுவே பெரிசு" என்றாள். அவள் இடது காது சிவந்திருந்தது. வண்டியில் ஏறிப் போனாள்.

வடிவு அதன்பின் யாருக்கும் எண் எழுதுவதில்லை என்று தீர்மானித்தாள். அந்தத் தீர்மானம் ஐப்பசி வரை நின்றது. எண் வந்த நாளுக்குப் பிறகு ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாம் வெள்ளைச் சீட்டோடு பிறந்தன. முப்பதாம் நாள் குளிப்பாட்டிப் பெயர் வைத்து எண் எழுத வேண்டும் என்பது அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது. அதுவரை எழுதிக் கொடுத்த வடிவு மறுத்ததும் பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடைக்காரன் எழுதத் தொடங்கினான். மூன்று கேள்வி கேட்பான், எழுதிவிடுவான். நூலகத்தில் மறுபடியும் ஈ பறந்தது. தலைமையிடத்திலிருந்து வாசகர் வருகை குறைந்ததற்குக் காரணம் கேட்டார்கள். தெருவில் அவளை மீண்டும் பேப்பரம்மா என்று கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் இளம் புருஷன் பெண்டாட்டி இருவர் துணியில் சுற்றிய பெண்குழந்தையோடு வந்தார்கள். வடிவு, "நான் எழுதறதில்ல" என்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றான் அவன். "ஜெராக்ஸ் கடையில எழுதினா கையெழுத்து கோணலா இருக்கு. எங்க அண்ணன் பிள்ளைக்குப் புள்ளியவே மாத்தி வச்சிட்டான், இப்ப அது என்ன நம்பருன்னே ஆருக்கும் தெரியல."

"பிள்ளைக்கு முப்பது நாள்தான ஆச்சு. அவ இன்னும் ஒண்ணுமே சொல்லலையே. என்னத்தப் பாத்து எழுத?"

"வெறும் முதுகா வளக்க முடியுமாம்மா, நீங்களே சொல்லுங்க" என்றாள் பெண்டாட்டி. "பால்வாடியிலயே சேக்க மாட்டேங்காங்க."

வடிவு குழந்தையைக் கையில் வாங்கினாள். அது இன்னும் தலைப்புப் பக்கமே அச்சாகாதது. இவள் எப்படி வேண்டுமானாலும் ஆகலாம் என்று நினைத்துக்கொண்டுதான் அதன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துணியை விலக்க நீண்ட தகப்பனின் விரல்களில் குச்சி முக்குகிற மருந்தின் கறை தெரிந்தது, தாயின் விரல்களிலும் தெரிந்தது. அவள் கேட்காமலே, தேடாமலே, எண் நாக்குக்கு வந்துவிட்டது. 662.5. தீப்பெட்டி. வாயை மூடிக்கொண்டாள். ஆனால் எண் தெரிந்துவிட்டதை அவள் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சொல்லிருங்கம்மா" என்றான் அவன், ஆசையோடு.

மறுத்தால் நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போவார்கள். ஜெராக்ஸ் கடைக்காரனும் இதையேதான் எழுதுவான், புள்ளியை எங்கேயாவது வைப்பான். வடிவு குழந்தையை மேசைமேல் பேப்பரை விரித்துக் குப்புறக் கிடத்தினாள். மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே, இடுப்புக்கு மேலே, அந்தச் சின்ன முதுகுக்கு ஏற்ற அளவில் சீட்டு இருந்தது. பேனாவைத் திறந்து, நிப்பைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். குழந்தைக்குக் கூசியிருக்கும். உடம்பை நெளித்துக்கொண்டு சிரித்தது.